பின் எக்சிலில் தானாகப் பூட்டும் டிஃப் உடைந்தால்: கழற்றி எறிவதா, திருத்துவதா?

ஒரு தம்பியின் கேள்வி, 2021 டிசம்பர் 4

2006 ஜெனரல் மோட்டர்ஸ் அரை டொன் பிக்கப், பின்சில்லு இழுவை மட்டும். போன கிழமை டிரைவ்வேயில் ஒரு பின்சில்லு ஐஸில் நின்று சும்மா சுற்றியது, மற்றது அசையவே இல்லை. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் பின்னால் 'டங்' என்று ஒரு அடி. கராஜில் லிமிட்டட் ஸ்லிப் அடிட்டிவ் ஒரு போத்தல் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன், மாற்றமில்லை. இந்தப் பூட்டுக்குக் 'கவ்-பாம்' என்று பட்டப்பெயராம். ஒருநாள் வெடிக்கும், இப்போதே டிஃபின் கியர்களை வெல்ட் அடித்து ஒட்டிவிடு என்கிறான் கூட்டாளி. ஸ்காபரோவில் இருக்கிறேன். பெரிய ஸ்நோ கொட்ட முதல் முடிக்க வேண்டும்.

டிசம்பர் 4, இரவு

வெல்ட் வேண்டாம் தம்பி. மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: டிஃப், அதாவது டிஃபரன்ஷல், வளைவில் இரண்டு பின்சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் தொகுதி. தானாகப் பூட்டுவது என்றால், ஒரு சில்லு வழுக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

க்ளவ் பொக்ஸ் மூடியின் உட்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக. அதில் ஜி80 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களுடையது பூட்டே இல்லாத சாதாரண டிஃப், ஒரு சில்லு சும்மா சுற்றுவது அதன் இயல்பு. பக்கத்தில் ஜிடி4 இருந்தால் கியர் விகிதம் 3.73, ஜியு6 என்றால் 3.42. குறித்து வையுங்கள், பாகம் வாங்கப் போனால் கேட்பார்கள்.

அந்த அடிட்டிவ் இந்தப் பூட்டுக்கு உரியதல்ல. உள்ளே கிளட்ச் தட்டுகள் கவ்வ வேண்டும், அதற்குள் வழுக்க வைக்கிற சாமானை ஊற்றினால் கவ்வுவது பிந்தும்.

டிசம்பர் 5, காலை

ஜி80 இருக்கிறதாம். சரி, அப்படியென்றால் கையால் ஒரு சோதனை.

முன்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு சில்லும் தரையில் படாமல் ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜாக்கை நம்பி ஒருபோதும் கீழே போக வேண்டாம். கியர் பார்க்கில் இருக்கட்டும். ஒரு சில்லை மெல்லச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இப்போது அதே சில்லை வெடுக்கென்று வேகமாகச் சுற்றுங்கள். பூட்டு உயிரோடு இருந்தால் பாதிச் சுற்றிலேயே 'டக்' என்று கை நிற்கும். மறுபக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

வேகமாகச் சுற்றியும் நிற்கவில்லை என்றால் கவர்னர், அதாவது வேகத்தை உணர்ந்து பூட்டை விழ வைக்கிற பகுதி, போய்விட்டது ('கவ்-பாம்' என்பதில் உள்ள 'கவ்' இதுதான்). மெல்லச் சுற்றும்போதே சிக்கிக்கொண்டால் அது இன்னும் மோசம், அப்படியே ஓட வேண்டாம்.

டிசம்பர் 5, மாலை

உள்ளே என்ன நடக்கிறது என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும்.

இதைச் செய்வது ஈட்டன். ஜெனரல் மோட்டர்ஸின் சிறிய லொறிகளில் 1973 முதல் வருகிறது. மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, அமர்த்த ஒரு பட்டனும் கிடையாது. சாதாரண டிஃபில் இருக்கிற கியர்கள்தான், கூடவே இரண்டு பக்கமும் கிளட்ச் தட்டுகள். ஒரு பக்கக் கியரின் முதுகில் சரிவு சரிவாக வெட்டிய கேம். அதோடு சேர்ந்த கேம் தட்டின் விளிம்புப் பற்களில் ஒரு சின்னக் கவர்னர் கொளுவி நிற்கிறது.

இரண்டு சில்லும் ஒன்றாக ஓடும்போது கவர்னர் சுற்றாது. வளைவில் மெல்லச் சுற்றும். ஒரு சில்லு வழுக்கி மற்றதைவிட நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று கூடினால், கோயில் திருவிழாவில் குடைராட்டினம் வேகமெடுக்க இருக்கைகள் வெளியே விரியுமே, அதுபோலக் கவர்னரின் இரண்டு எடைகளும் விரியும். விரிந்த எடை எதிரே இருக்கும் கொக்கியில் மாட்டும். கவர்னர் நிற்க, கேம் தட்டும் நிற்கும். பக்கக் கியர் மட்டும் இன்னும் சுற்றப் பார்த்து, அந்தச் சரிவில் ஏறி, கிளட்ச் தட்டுகளை நெரிக்கும். அவ்வளவுதான், இரண்டு சில்லும் ஒன்றாகிவிடும்.

அந்தக் கொக்கிக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டி 32 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் சுழற்சியின் விசையில் கொக்கி தானாக விலகி நிற்கும், எடை விரிந்தாலும் மாட்ட இடமில்லை. 401 நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது பின் எக்சில் திடீரென்று பூட்டிக்கொள்ளாது.

100 சுற்று என்றால் என் ரயர் அளவுக்கு, 265/70/17, மணிக்கு 15 கிலோமீற்றர். ஸ்பீடோமீற்றரில் 15 காட்டும்போது பூட்டும் என்று கணக்கு வையுங்கள்.

டிசம்பர் 6

நேற்றுக் கடைசியில் எழுதியது பிழை. இரவு படுத்தபின்தான் உறைத்தது.

ஸ்பீடோமீற்றர் கியர்பெட்டிக்குப் பின்னால் வருகிற சுழற்சியைத்தான் படிக்கிறது. ஒரு சில்லு நின்று மற்றது மட்டும் சுற்றினால், கிரவுன் (டிஃபோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரம்) சுற்றுவது சுற்றுகிற சில்லின் பாதி வேகத்தில். ஆகவே சில்லு 15இல் சுற்றும்போது முள் காட்டுவது ஏழு, எட்டுத்தான்.

இது சின்னத் திருத்தம் இல்லை. நிறையப் பேர் வண்டி இறுகியவுடன் அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்கிறார்கள். முள் 30ஐத் தொடும்போது ஐஸில் இருக்கிற சில்லு 60இல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் ஒன்று கொக்கி விலகிப் பூட்டே விழாது, அல்லது அதற்குச் சற்று முன் மாட்டி, சுற்றுகிற சில்லின் முழு விசையும் விரல் அளவுக் கொக்கியில் விழும். 'பாம்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மெல்ல மிதியுங்கள். முள் பத்துக்குள் இருக்கும்போதே 'டக்' கேட்கும், வண்டி நகரும். கேட்காவிட்டால் காலை எடுங்கள், சில்லு நிற்கட்டும், திரும்ப மெல்ல.

டிசம்பர் 9

தம்பியின் சோதனை முடிவு: வேகமாகச் சுற்றியும் நிற்கவில்லையாம். நானும் எதிர்பார்த்தேன்.

என்னுடையது போனது 2019 பெப்ரவரியில், அஜாக்ஸில் ஒரு வீட்டு டிரைவ்வேயில். கோடையில் புல்வெட்டு, மாரியில் ஸ்நோ அள்ளுவது, இதுதான் என் தொழில். பின்னால் ஏழெட்டு உப்பு மூட்டை. பின்சில்லு ஒன்று ஐஸில், மற்றது தாரில். மெல்லத்தான் மிதித்தேன். 'டக்' வரவில்லை. உடைந்த ஓடு மிதிபட்டது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமேயில்லை, சில்லு சும்மா சுற்றியது.

வண்டி ஓடியது, அதுதான் ஆபத்து. சத்தமில்லை, ஓடுகிறது, பிறகு பார்க்கலாம் என்று பதினொரு நாள் ஓடினேன். டிஃபின் கவரைத் திறந்தபோது ஒயில் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. காந்தத்தைவிட்டுக் கிளறினேன். வழமையாகக் கருஞ்சாந்து போல ஒரு பூச்சு ஒட்டும், அது தேய்மானம், பயமில்லை. அன்று வந்தது அதோடு ஊசி ஊசியாக இரும்புச் சிம்புகள். அடித்தட்டில் நகத்தளவு ஒரு துண்டு கிடந்தது, ஒரு விளிம்பு கண்ணாடி போலப் பளபளத்தது. கொக்கியின் நுனி. கிரவுனில் இரண்டு பல்லின் மூலையில் அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது. முதல் நாளே நிறுத்தியிருந்தால் கிரவுனும், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் தப்பியிருக்கும்.

ஆகவே தம்பி, வண்டியை நிறுத்துங்கள். வேலைக்கு வேறு வழி பாருங்கள்.

டிசம்பர் 11

ஏன் உடைந்தது என்று அப்போது நான் நினைத்தது ஒன்று, பிறகு தெரிந்தது வேறொன்று.

வண்டியை எனக்கு விற்றவர் கண்டபடி மிதித்து ஓடியிருப்பார் என்று கனநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த கோடையில் ரயர் மாற்றப் போனபோது கடைப் பெடியன், "அண்ணை, இதில் ஒன்று வேறு சைஸ்" என்றான். பின் இடது 265/70/17. பின் வலது 245/70/17. வாங்கிய நாளில் இருந்து அப்படியே இருந்திருக்கிறது. பக்கச் சுவரில் கொட்டை எழுத்தில் இருப்பதை நான் ஒருநாளும் குனிந்து வாசிக்கவில்லை.

விட்டத்தில் 28 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர். 100இல் நேராக ஓடும்போதே இரண்டு சில்லுக்கும் இடையில் நிமிடத்துக்கு 24 சுற்று பேதம். பூட்டு விழுகிற 100ஐத் தொடாது, ஆனால் டிஃப் நேர்வீதியிலும் ஓயாமல் வளைவில் போகிறது. கிளட்ச் தேய்கிறது, வாஷர் தேய்கிறது, கவர்னர் ஒரு கணமும் ஓய்வில்லாமல் சுற்றுகிறது. இதை ஒன்றரை வருடம், நாளுக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் செய்தேன்.

பழுதான பூட்டைக் கழற்ற முதல் நாலு ரயரின் எண்ணையும் வாசியுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் ஒன்று புதிது ஒன்று மொட்டை என்றால் அதுவும் பேதந்தான். காற்றையும் பாருங்கள்.

டிசம்பர் 12

ரயர் சரியாம், நாலும் ஒரே செற். அப்படியானால் உங்கள் வண்டியில் காரணம் வேறு. கவரைத் திறந்தால் தெரியும். உப்பு வீதியில் ஓடிய வண்டி, கவர் துருவேறி ஓட்டை விழுந்து ஒயில் கசிந்திருக்கவும் கூடும். நிரப்புகிற துளையில் விரலை விட்டுப் பாருங்கள், ஒயில் விரலில் படுகிறதா?

டிசம்பர் 13

விரலில் ஒன்றும் படவில்லை என்று எழுதியிருக்கிறார். காரணம் கிடைத்துவிட்டது.

டிசம்பர் 19

பிரித்த கதை. தம்பியும் அவருடைய மாமாவும் கராஜில் செய்ய, நான் ஃபோனில். முன்னமே சொல்லியிருக்க வேண்டிய மூன்று விஷயம்.

ஒன்று, சில்லு அச்சைக் கழற்றுவது. சாதாரண டிஃபில் நடுவில் இருக்கும் ஊசியை முழுக்க இழுத்தால் அச்சை உள்ளே தள்ளலாம், சி வடிவக் கிளிப் கையில் விழும். இதில் நடுவில் ஒரு தாங்குகட்டை இருப்பதால் அச்சு உள்ளே போகாது. ஊசியைக் கொஞ்சம் மட்டும் வெளியே இழுத்து, அதன் முனை எக்சில் ஹவுசிங்கின் சுவரில் முட்டும்வரை டிஃபைச் சுற்ற வேண்டும். பிறகு திருப்புளி முனையால் கிளிப்பை மெல்லத் திருப்பி, அதன் திறந்த வாய் நேரே உள்ளே பார்க்க வைத்தால் அச்சு நகர இடம் கிடைக்கும், கிளிப் கழலும். இது தெரியாமல் மாமா அரை மணித்தியாலம் சுத்தியலோடு நின்றிருக்கிறார்.

இரண்டு, அந்த ஊசியைப் பிடித்திருக்கிற சின்னப் போல்ட். துருப்பிடித்து முறிவதற்கென்றே பிறந்தது. முதல்நாள் இரவே ஊடுருவும் ஒயில் தெளித்து வையுங்கள். என்னுடையது முறிந்தது, அதை எடுக்க ஒரு முழுப் பின்னேரம் போனது.

மூன்று, கிரவுனைப் பிடித்திருக்கிற பத்துப் போல்ட்டும் இடஞ்சுழி மரை. கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். பழக்கத்தில் இடப்பக்கம் இழுத்து, இறுகியிருக்கிறது என்று நெம்புகோலுக்குக் குழாய் போட்டால் போல்ட்டின் தலை பறந்துவிடும். பூட்டும்போது புதுப் போல்ட் போடுங்கள்.

உள்ளே என்ன கண்டார்கள்: கவர்னரின் ஒரு எடை அதன் ஊசியோடு நீலம்பாரித்துப் போயிருந்தது. ஒயில் இல்லாமல் சூடேறினால் இரும்பு அந்த நிறத்துக்கு வரும். அது விரியாமல் இறுகிவிட்டது, அதனால் பூட்டவில்லை. கிளட்ச் தட்டும் எரிந்த மணம். பார்க்கிங்கில் கேட்ட 'டங்', தட்டுகள் ஒட்டிப் பிடித்துப் பிறகு விடுகிற அடி. கிரவுன் தப்பியது.

டிசம்பர் 20

ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கிற வளையம்) பற்றி எழுத மறந்துவிட்டேன். பெயரிங்குக்கு வெளியே இருக்கும் ஷிம்கள் இடது வலது மாறக் கூடாது, கம்பியில் கோத்துப் பெயர் எழுதி வையுங்கள். கம்பெனி ஷிம் வார்ப்பிரும்பு, தட்டினால் பிளக்கும். புது டிஃப் ஏற்றிய பிறகு கிரவுனுக்கும் பினியனுக்கும் இடைவெளியை டயல் கேஜால் அளக்க வேண்டும், 0.13 முதல் 0.18 மில்லிமீற்றருக்குள் வந்தால் நல்லது. பழைய ஷிம்மே சரியாக வரும் என்று நம்பிப் பூட்டக் கூடாது. டயல் கேஜ் இல்லாதவர் இந்த இடத்தில் வேலையை நிறுத்தி, எக்சில் மட்டுமே செய்கிற ஒருவரிடம் கொண்டுபோகலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

2022 ஜனவரி 19

திங்கட்கிழமை 17ஆம் திகதிப் பனிப்புயலை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டொன் வலி பார்க்வே, கார்டினர் நெடுஞ்சாலைகள் எல்லாம் மூடி, 401இல் கண்டெய்னர் லொறிகள் கட்டைபோல நின்றன. காலை ஐந்து மணிக்கு இறங்கியவன் செவ்வாய் விடியத்தான் சப்பாத்தைக் கழற்றினேன்.

மார்க்கத்தில் ஒரு சரிவான டிரைவ்வே. பின் இடது சில்லு அடியில் ஐஸ், மேலே முழங்கால் அளவு ஸ்நோ. மிதித்தேன், முள் ஆறு, ஏழு. ஜன்னலை இறக்கியே வைத்திருந்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று. 'டக்.' இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கவ்வி வண்டி மேலே ஏறியது. 2019இல் போட்ட அதே மாதிரிப் புதுப் பூட்டு, மூன்றாவது மாரி. உப்பு மூட்டை எட்டு, ஒவ்வொன்றும் இருபது கிலோ, எக்சிலுக்கு நேர் மேலே. அந்த 160 கிலோவுக்கும் பங்கு உண்டு, முழுப் பெருமையையும் பூட்டுக்கே கொடுக்கக் கூடாது.

தம்பியின் வண்டி இன்னும் ஸ்டாண்டில், பாகம் வரவில்லை. அன்று என்னோடு வந்து மண்வெட்டி பிடித்தார்.

ஜனவரி 23

எதைப் போடுவது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வெல்ட் ஏன் கூடாது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவிடம் கிளிநொச்சியில் ஒரு மாஸி பெர்குசன் 135 இருந்தது. வலது குதிக்காலடியில் ஒரு பெடல். வயலில் ஒரு சில்லு சேற்றில் புதைந்தால் அதை மிதிப்பார், இரண்டு சில்லும் ஒன்றாகும், வரம்பைத் தாண்டியதும் காலை எடுப்பார். பூட்டிய சில்லோடு திரும்பினால் டிராக்டர் திரும்பாது, நேரே போகப் பார்க்கும். அது வயலில், நடை வேகத்தில். வெல்ட் அடித்த டிஃப் என்றால் அந்தப் பெடலில் இருந்து காலை எடுக்கவே முடியாத வண்டி. ஐஸ் படிந்த வளைவில் அதை ஓட்டினால் பின்பக்கம் உங்களை முந்தும். பக்கத்து லேனில் யாருடைய பிள்ளைகள் வருகின்றனவோ.

ஏ.ஆர்.பி. காற்றுப் பூட்டு அவுஸ்திரேலியாக்காரருடையது. அப்பாவின் பெடல் போலவே நாமே போட்டு நாமே எடுக்கலாம். ஆனால் கொம்பிரசர், காற்றுக்குழாய், வயர், எல்லாம் உப்புக்குள். டெட்ராய்ட் லொக்கர் எப்போதும் பூட்டியே இருந்து திருப்பத்தில் மட்டும் விடும். பலசாலி, ஆனால் ஐஸ் வீதியில் பழகாத கைக்கு நான் சொல்ல மாட்டேன். ட்ரூட்ராக்கில் கிளட்ச் இல்லை, கவர்னர் இல்லை, சரிவுப்பல் கியர்கள் மட்டும். சத்தமின்றி வேலை செய்யும். ஒரு சில்லு முழுக்க அந்தரத்தில் நின்றால் மட்டும் கைவிடும், அப்போது பிரேக்கை இலேசாக மிதிக்க வேண்டும்.

தம்பிக்குப் பழைய மாதிரியே போடுங்கள் என்றேன். அவர் ட்ரூட்ராக்தான் வேண்டும் என்கிறார். உடைத்த வண்டியில் இருந்து கழற்றிய பூட்டு மலிவாக வருகிறது என்று ஒருவர் எழுதினார். யார் எந்த ரயரில் ஓடினார்களோ, நான் தொட மாட்டேன்.

பெப்ரவரி 6

யோசித்துப் பார்த்தேன், தம்பி சொன்னதுதான் அவருக்குச் சரி. அவருடைய வேலை டிரைவ்வே இல்லை. கோடை முழுக்க டிரெய்லர் இழுத்து நெடுஞ்சாலையில் பாரி நகரம் வரை போய்வருகிறார். அவருக்கு ஒரு சில்லு ஐஸில் நிற்பது வருடத்துக்கு நாலு நாள், எனக்கு ஒரு காலையில் நாலு தரம். என் வேலையை வைத்து அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12

தம்பியின் வண்டி இறங்கியது. புதுக் கவர், உள்ளே ட்ரூட்ராக், இடைவெளி 0.15. ஒயில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், அடிட்டிவ் இல்லை. 800 கிலோமீற்றரில் அதை வடித்துப் புதிது ஊற்றச் சொல்லியிருக்கிறேன், வடித்ததை எறியாமல் வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தம் போட்டுப் பார்க்கவும்.

இன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். வலது சில்லுகளை இளகின ஸ்நோவிலும் இடதைத் தாரிலும் நிறுத்தி மெல்ல மிதித்தார். சத்தமேயில்லை, வண்டி நகர்ந்தது. "அண்ணை, பூட்டினதே தெரியேல்லை" என்றார். அவர் போன பிறகு என்னுடையதை அதே இடத்தில் நிறுத்தி, ஜன்னலை இறக்கி ஒருதரம் கேட்டேன்.